முற்றத்தில் நான்கு தடம்

அன்புள்ள மகனே, தம்பி,

அன்று எங்கள் விறாந்தையில் இருந்தவர்கள் ஆறு பேர். அப்பா சாய்மனைக் கதிரையில். அவருக்கு வலப்பக்கம், வாகனம் திருத்தும் கராச் வைத்திருக்கிற பெரியப்பா, கால்மேல் கால் போட்டபடி. எதிரே உடுவில் மாஸ்ரர், உனக்குத் தன் மகளைத் தருவதாகச் சொல்லி மோதிரம் மாற்ற நாளும் குறித்திருந்தவர். அவருக்குப் பக்கத்தில் எங்கள் சபைப் போதகர். தூணோடு சாய்ந்தபடி நீ, இடக்கை மாவுக்கட்டில். கதவு நிலையில் தேநீர்த் தட்டோடு நான். வேறு ஒருவரும் இல்லை. மாஸ்ரரின் மகள் வரவில்லை. முற்றத்தில் அப்பாவின் சிவப்புக் கார், இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய அந்தப் பழைய பந்தயக் கார், வாழைத் தோட்டத்து மதிலில் மோதிய பின்பக்கத்தை எங்களுக்குக் காட்டிக்கொண்டு நின்றது.

அன்று பெரியப்பா சொன்னதை ஒரு சொல் விடாமல் நினைவில் வைத்திருக்கிறேன். "காரிலை ஒரு பிழையும் இல்லை. மூண்டு கிழமைக்கு முன்னம் நான்தான் பின் ஸ்பிரிங் கழட்டிப் பூட்டினனான். பெடியன் கலியாண வீட்டிலை இருந்து வந்தவன். வாசம் எனக்கு மணந்தது. இதுக்கு மேலை என்னைக் கேளாதேங்கோ." மாஸ்ரர் தேநீரைத் தொடவில்லை. குடிக்கிறவன் வீட்டுக்குப் பெண் கொடுப்பதில்லை என்று அவர் வாயால் சொல்லவுமில்லை. எழுந்து, குடையை எடுத்து, போதகரிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு மோதிரத்தைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

ஒன்பது வருடமாக இதை நான் உனக்கு எழுதவில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம் உன்னுடைய கடிதத்தின் கடைசிப் பந்தி. தை மாதம் ஊரில் வைத்துத் திருமணம் என்றாய். வாசித்துவிட்டு முழங்காலில் நின்று கர்த்தருக்கு நன்றி சொன்னேன். அதன்பின் எழுதியிருந்தாய்: 'அப்பா இல்லாதபடியால் பெரியப்பா அவருடைய இடத்தில் நிற்கட்டும். கலியாண அட்டையிலும் அவருடைய பெயரைப் போடுங்கோ.' தம்பி, அதை வாசித்தபோது எனக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு போய் முற்றத்தைக் கூட்டினேன். ஏற்கெனவே கூட்டின முற்றம்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். அன்று எல்லோரும் போன பிறகு நீ என்னிடம் வந்து, "அம்மா, நான் தொட்டும் பாக்கேல்லை. எக்ஸிலேற்றரிலை இருந்து காலை எடுத்தவுடனை காரின்ரை பின்பக்கம் தானா வழுக்கிப் போயிட்டுது. நீங்களாவது நம்புங்கோ" என்றாய். நான் நம்பினேன். நம்பிக்கொண்டே, "பெரியப்பாவிட்டைப் போய் மன்னிப்புக் கேள், அப்பாவின்ரை மனம் ஆறும்" என்று உன்னை அனுப்பினேன். மாவுக்கட்டுக் கையோடு நீ அவருடைய கராச் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டாய். அவர் உன் தலையைத் தடவி, "போகட்டும், வயசுக் கோளாறு" என்றாராம். செய்யாத குற்றத்துக்கு உன்னை வணங்க வைத்தவள் நான். அதோடு நீ மெல்பேர்ணுக்குப் போனாய். அங்கே இன்றுவரை ஒரு கார்ச் சுக்கானையும் நீ பிடிக்கவில்லை என்று உன் நண்பன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதைவிடப் பெரிய பிழையும் ஒன்று இருக்கிறது. எனக்கு அது முன்பே தெரியும்.

உனக்கு நினைவிருக்கும், அப்பாவின் உடம்பு பருத்தது. அவர் இருந்து ஓட்டி ஓட்டிக் காரின் வலப்பக்கப் பின் ஸ்பிரிங் தணிந்துவிட்டது. கார் நின்றால் ஒரு காலைச் சாய்த்து நிற்கும் மாடுபோல இருக்கும். "கார் என்னைப் பாத்து மரியாதைக்குக் குனியுது" என்று அப்பா சிரிப்பார். அதைச் சரிபார்க்கத்தான் பெரியப்பாவிடம் கொடுத்தார். இரண்டு நாளில் நிமிர்ந்த கார் வந்தது. அப்பாவுக்கு அப்படியொரு சந்தோசம். ஆனால் அடுத்த நாள் விடிய முற்றம் கூட்டப்போன நான் ஒன்றைக் கண்டேன். முன்தினம் கூட்டிய மணலில் கார் வந்து ஏறிய தடம் இருந்தது. எங்கள் கார் நேரே வந்தால் இரண்டு தடம்தான் விழும். முன்சில்லுப் போன தடத்தின்மேல் பின்சில்லு அச்சொட்டாக ஏறும். எத்தனையோ வருடம் அந்த இரண்டு கோட்டைத்தான் நான் விளக்குமாற்றால் அழித்திருக்கிறேன். அன்று பின்சில்லுகள் இரண்டும் வலப்பக்கமாக ஒரு விரல் தள்ளிப் போயிருந்தன. அடுத்த கிழமை ஒன்றரை விரல். மூன்றாம் கிழமை இரண்டு விரலுக்கு மேலே, முற்றத்தில் நான்கு தடம். நாய் ஓடும்போது பின்னங்கால் ஒரு பக்கமாகப் போகுமே, அப்படிக் கார் போய்க்கொண்டிருந்தது.

நான் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவள் என்று உனக்குத் தெரியும். கோழி அடை வைத்த நாள், கிணறு இறைத்த நாள் எழுதுகிற கொப்பியிலேயே இதையும் குறித்தேன். நீயும் அந்தக் கிழமைதான் சொன்னாய், "அம்மா, எக்ஸிலேற்றர் குடுக்க மூஞ்சை வலப்பக்கம் போகுது, காலை எடுக்க இடப்பக்கம் போகுது. பின்னாலை 'டொக்' எண்டு ஒரு சத்தமும் கேக்குது" என்று. அன்று பின்னேரம் பெரியப்பா வந்தார். நான் கூட்டாமல் விட்டிருந்த தடத்தைக் காட்டினேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னார்: "முத்தம் கூட்டுற ஆக்கள் கார் பாக்க வெளிக்கிட்டால் நான் கராச்சைப் பூட்டிப்போட்டு விளக்குமாறு பிடிக்க வேண்டியதுதான்." அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டு கூட்டி அழித்தேன். நான்காம் நாள் நீ புத்தூர்ப் பக்கம் நண்பனின் கலியாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, இடப்பக்க வளைவில் காலை எடுத்தாய். கார் பின்பக்கத்தை வலப்பக்கம் வீசி எறிந்தது. ஆறு பேர் இருந்த விறாந்தையில் அந்தக் கொப்பி என் கைக்கெட்டும் மேசை லாச்சியில் கிடந்தது. நான் அதைத் திறக்கவில்லை. கணவனின் அண்ணனைச் சபையின் முன் எதிர்த்துக் கதைப்பது எப்படி என்று எனக்கு அப்போது தெரியாது. இப்போது தெரியும்.

அப்பா போன வருடம் படுக்கையில் கிடந்தபோது இரண்டு தரம் கேட்டார்: "பெடியன் காரை ஏனப்பா அப்பிடி ஓட்டினவன்?" மூன்றாம் தரம் கேட்க அவருக்கு மூச்சு இருக்கவில்லை. தன் பிள்ளை குடித்துவிட்டுக் காரை மோதியவன் என்ற எண்ணத்தோடேயே கண்ணை மூடினார். இதை நான் பெரியப்பாவுக்கு மன்னிக்கப் போவதில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடிதத்தின் கடைசியில் மனம் மாறுவேன் என்று எதிர்பார்த்து வாசிக்காதே.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் ஆகவில்லை, பெரியப்பா பழைய இரும்பு எடுக்கிற ஆளோடு வந்தார். "உந்தக் காரை ஏன் பிள்ளை வைச்சிருக்கிறீர்? ராசியில்லாத கார். நான் ஏத்திவிடுறன்" என்றார். இத்தனை வருடம் கொட்டிலில் தறப்பாளின் கீழ்க் கிடந்த கார் ஒருவருக்கும் இடைஞ்சலாக இருக்கவில்லை. இவருக்கு மட்டும் என்ன அவசரம்? "அவரின்ரை ஆண்டுத் திதி முடியட்டும் அத்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, எங்கள் சபையில் திதி ஏது என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அவருக்கும் அது உறைக்கவில்லை. பிறகு அப்பாவின் அலுமாரியில் இருந்த திருத்தற் புத்தகத்தை எடுத்தேன். முழுக்க ஆங்கிலம். நான் இடப்பெயர்வுகளுக்கு நடுவில் பத்தாம் வகுப்போடு நின்றவள். அகராதியை மடியில் வைத்து, பின்பக்க ஸ்பிரிங் பற்றிய பதினொரு பக்கத்தையும் மூன்று மாதத்தில் தமிழில் எழுதினேன். காலைச் செபம் முடிந்ததும் ஒரு மணித்தியாலம் அதற்கு.

உனக்கு இதை ஒழுங்காகச் சொல்கிறேன், நாளைக்கு யாரும் 'அம்மாவுக்கு மனக்கிலேசம்' என்று சொல்லிவிடக் கூடாது. பக்கத்துத் தோட்டத்துத் தம்பையா அண்ணையை நீ மறந்திருக்க மாட்டாய், உழவு மெசின் வைத்திருக்கிறவர். அவர் தன் மெசினால் காரைச் சீமெந்து நிலத்துக்கு இழுத்துத் தந்தார். "தங்கச்சி, சபைக் கோயிலுக்குப் போக சைக்கிள் போதாதே? பந்தயம் ஓடப் போறியளோ?" என்றார். "ஓம் அண்ணை, ஒராளை முந்த வேணும்" என்றேன். முதலில் புத்தகம் சொன்னபடி காரின் பின்மூலையை அமத்திவிட்டுக் கையை எடுத்தேன். ஒரு தரம் எழும்பி அடங்க வேண்டிய கார் தொட்டில்போல நாலு தரம் ஆடியது. அப்போது நான் அவசரப்பட்டேன். குற்றம் துள்ளலை அடக்குகிற ஷொக் அப்சோர்பரில்தான் என்று முடிவுகட்டி, அதன் மூடியைத் திறந்தேன். உள்ளே இருந்தது தேங்காய் எண்ணெய்! யுத்தத்தில் பாதை மூடி எண்ணெய் ஒன்றும் வராத காலத்தில் ஊற்றிப் பழகினதை, பாதை திறந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஊற்றியிருக்கிறார். பிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். சரியான எண்ணெய் எடுப்பித்து ஊற்றினேன், ஆட்டம் நின்றது. மணல் பரப்பித் தம்பையா அண்ணையைக் கொண்டு இழுப்பித்தேன். நான்கு தடம் அப்படியே இருந்தது. துள்ளலுக்கும் இழுவைக்கும் காரணம் வேறுவேறு. அந்த எண்ணெயோடு நான் பெரியப்பாவிடம் ஓடியிருந்தால் "ஷொக் ஆடினால் கார் ஒரு பக்கம் இழுக்குமோ?" என்று என்னைச் சிரித்து அனுப்பியிருப்பார், அவர் சொல்வது சரியாகவும் இருந்திருக்கும். கோபத்தில் கைக்கு முதலில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போகாதே, தம்பி. இன்னும் கீழே தேடு.

இரண்டாவதாக அளந்தேன். நூலில் கதவுத் திறப்பைக் கட்டி, நாலு சில்லின் நடுவிலிருந்தும் தொங்கவிட்டு, நிலத்தில் சோக்கால் புள்ளி வைத்தேன். தையல் அளவு நாடாவால் முன்புள்ளிக்கும் பின்புள்ளிக்கும் இடையே பார்த்தால் வலப்பக்கம் முக்கால் அங்குலம் கூட. பின் அச்சு நேரே கிடக்கவில்லை, வலப்பக்க நுனி பின்னே போய்க் கோணிக் கிடந்தது. ஆனால் மதிலில் மோதினதால் கோணியது என்று அவர் சொல்லலாமே? ஆகவே ஸ்பிரிங்கைக் கழற்றுவித்தேன். அந்த ஸ்பிரிங் என்பது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வில்லுத் தகடுகள். எல்லாவற்றையும் ஊடுருவி நடுவில் ஒரு போல்ட் போகும். பின் அச்சு தன் இடத்தை விட்டு அசையாமல் பிடிப்பது அந்தப் போல்ட்டும், மேலே இறுக்கியிருக்கும் இரண்டு யூ போல்ட்டும்தான். தணிந்த பக்கத்தை நிமிர்த்த அவர் வேறு ஏதோ வாகனத்தின் தகடு ஒன்றை உள்ளே செருகியிருந்தார். அடுக்குத் தடித்துவிட்டது, காரின் போல்ட் எட்டவில்லை. அதற்குப் பதிலாக அவர் போட்டது இரண்டாக முறிந்து தம்பையா அண்ணையின் கையில் விழுந்தது.

கழுவித் துடைத்துப் பார்த்தேன். அந்தப் போல்ட்டுக்குத் தலையே இல்லை. நுனியிலிருந்து நுனிவரை நட்டு ஏறுகிற புரி. இரண்டு பக்கமும் நட்டு. முறிந்த முகத்தில் முக்கால் பங்கு கறுத்த பழைய துரு, மிச்சம் மட்டும் வேறு நிறம், வேறு பொருக்கு. அதாவது மோதும் முன்பே அது வெடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக அறுந்துகொண்டிருந்திருக்கிறது, என் முற்றத்தில் விரல் விரலாகத் தடம் விலகியதுபோல. "உந்தப் புரி எங்கையோ கண்டமாதிரி" என்றார் தம்பையா அண்ணை. எனக்கு அவர் வாய் மூட முன் தெரிந்துவிட்டது. முப்பது வருடம் கோயிலுக்கும் சந்தைக்கும் மிதிக்கிறேன், எத்தனை தரம் காற்றுப்போய் பின்சில்லு கழற்றியிருப்பேன்! என் சைக்கிளைச் சாய்த்து, பின்சில்லு நட்டைக் கழற்றி, அந்த முறிந்த துண்டில் வைத்துச் சுழற்றினேன். வெண்ணெயில் போவதுபோல ஏறியது. தம்பி, உன் உயிரை அந்த மனிசன் சைக்கிள் பின் அச்சில் வெட்டியெடுத்த துண்டில் தொங்கவிட்டிருக்கிறார். யூ போல்ட்டுகளைக் கொஞ்சத் தூரம் ஓடியபின் திரும்ப இறுக்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. அதையும் அவர் செய்யவில்லை. தடத்தைக் காட்டி அழைத்தபோதுதான் விளக்குமாற்றைப் பற்றிச் சிரித்தாரே.

அடுத்த நாள் ஒரு பாதித் துண்டை மட்டும் லேஞ்சியில் சுற்றிக்கொண்டு அவருடைய கராச்சுக்குப் போனேன். வேலை பார்ப்பிக்க வந்த இரண்டு பேர் வாங்கில் இருந்தார்கள். "அத்தான், உது என்ன எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ" என்று நீட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உது சைக்கிள் பின் அச்சு, பிள்ளை. எங்கை எடுத்தனீர்?" என்றவர், இருந்தவர்களைப் பார்த்துப் பெருமையாகத் திரும்பினார். "இவைக்குத் தெரியாது. ஒரு சாமானும் வராத காலத்திலை உதாலைதான் நான் எத்தினை வாகனத்துக்கு நடு போல்ட் போட்டனான். லொறிக்கே போட்டனான்! இப்பவும் கைக்கு வராட்டி உதுதான்."

"என்ரை மகன்ரை காருக்கும் போட்டனீங்களோ?" என்று கேட்டேன்.

அவருடைய கண் அந்தத் துண்டின் முறிந்த பக்கத்துக்குப் போனது. அவருக்கு வாசிக்கத் தெரியும். துரு என்ன சொல்கிறது என்று என்னைவிட நன்றாகத் தெரியும். வாங்கில் இருந்தவர்களை வெளியே போய்த் தேநீர் குடிக்கச் சொன்னார். பிறகு குரலைத் தணித்தார். "செத்தவன் செத்திட்டான். பெடியன் அங்கை நல்லாயிருக்கிறான். இப்ப ஆருக்கு என்ன குறை? பழசைக் கிளறாதையும்." துண்டைத் தன் சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். "உது என்னட்டை இருக்கட்டும். நீர் போய் முத்தத்தைக் கூட்டும்."

திருப்பிக் கேட்காமல் வந்துவிட்டேன். மற்றப் பாதி நட்டோடு என் லாச்சியில் இருக்கிறது. முறிந்த முகம் இரண்டையும் பொருத்தினால் பொருந்தும். முழுவதும் தன் பைக்குள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

போதகரிடம் போய்ச் சொன்னேன். அன்று இருந்தவர்களில் ஒருவர் என்பதால். "கர்த்தரிடம் விட்டுவிடுங்கோ அம்மா, மன்னியுங்கோ" என்றார். "கேட்டால் குடுக்கலாம் ஐயா. இன்னும் ஒருத்தரும் கேக்கேல்லையே" என்றேன். அவர் மேசையிலிருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருடம் கர்த்தரிடம்தான் விட்டிருந்தேன். அவர் அந்தத் துண்டை என் கையில் கொண்டுவந்து தந்தார் என்றுதான் நான் நம்புகிறேன். தந்ததை லாச்சியில் வைத்துப் பூட்டுவதற்காகத் தந்திருக்க மாட்டார்.

கார் இப்போது நல்லாயிருக்கிறது. கொழும்பிலிருந்து அசல் தகடும் அசல் போல்ட்டும் எடுப்பித்தேன். மதிலில் நசுங்கிய தகரத்தை நேராக்குவித்தேன். யூ போல்ட்டுகளை ஒவ்வொரு சனிக்கிழமையும் நானே கீழே படுத்துப் பார்க்கிறேன். தம்பையா அண்ணை அதைக் காங்கேசன்துறை வரை ஓட்டிக்கொண்டு போய் வந்தார். அன்று முற்றத்தைக் கூட்டிவிட்டுப் படலையில் காத்துநின்றேன். உள்ளே வந்தார், இறங்கினார். போய்க் குனிந்து பார்த்தேன். இரண்டே தடம். கூட்ட மனம் வராமல் அடுத்த மழை வரும்வரை அப்படியே விட்டிருந்தேன்.

இப்போது நான் செய்ய நினைத்திருப்பதைச் சொல்கிறேன். அவருடைய பெயரை அட்டையில் நான் போடமாட்டேன். அப்பாவின் இடத்தில் ஒருவரும் நிற்க வேண்டாம், அது வெறுமையாகவே இருக்கட்டும். ஆனால் அவரைக் கட்டாயம் அழைப்பேன், முன்வரிசையில் இருத்துவேன். உடுவில் மாஸ்ரரையும் அழைப்பேன். நீ கோயிலிலிருந்து மணவாட்டியை அந்தச் சிவப்புக் காரில் ஏற்றி, நீயே ஓட்டி, பெரியப்பாவின் கராச் வாசலால் மண்டபத்துக்கு வரவேண்டும். அங்கே வழக்கம்போலக் கேக் துண்டுப் பெட்டிகளை நான்தான் கையால் கொடுப்பேன். மாஸ்ரருக்கும் போதகருக்கும் கேக்கோடு இந்தக் கடிதத்தின் பிரதி ஒவ்வொன்று இருக்கும். மற்றவர்கள் வாங்கி வாசித்தாலும் எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. பெரியப்பாவின் பெட்டி மற்றவர்களுடையதைப் போலவே வெள்ளி ரிப்பன் கட்டி இருக்கும், தூக்கினால் மட்டும் பாரம் தெரியும். மாஸ்ரருக்குப் பக்கத்தில் வைத்து அவர் அதைத் திறக்க வேண்டும். "இதன்ரை மற்றப் பாதி உங்கடை சேட்டுப் பையிலை, அத்தான்" என்று சொல்லிவிட்டு நான் அடுத்த கதிரைக்குப் போவேன். அந்த நேரத்தை நினைத்துக்கொண்டுதான் இப்போதெல்லாம் நித்திரைக்குப் போகிறேன். இது நல்ல பெண்ணின் ஆசையல்ல என்று எனக்குத் தெரியும். அதற்காகவும் செபிக்கிறேன், ஆசை குறையவில்லை.

ஆனால் ஒரு தரம் உன்னைக் கேளாமல் உன்னை வணங்க வைத்தேன். இரண்டாம் தரம் உன்னைக் கேளாமல் நிமிர்த்தவும் மாட்டேன். அது உன் கலியாணம், உன் பெயர். நீ வேண்டாம் என்றால் அந்தப் பெட்டியிலும் கேக்கே இருக்கும். அவருடைய பெயரை மட்டும் என் கையால் எழுதச் சொல்லாதே.

அட்டை வருகிற கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஆகவே மூன்றுக்கும் ஓமோ இல்லையோ எழுது: பெயர் போடாமல் விடுவது, பெட்டி, காரை நீ ஓட்டுவது. மூன்றாவதை முதலில் எழுது. கெதியாய்ப் பதில் போடு.

அன்புடன்,
அம்மா